மூன்று விநாடி

ஹான்காக் ஊரில், தூக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
உதிரிபாகக் கடையின் கல்லாவுக்குப் பின்னால்
பதினாறு வருஷமாக நிற்கிறேன்.
ஆயில் ஃபில்டர் கேட்டு வருகிறவர்கள் இரண்டு வகை:
விலையைப் பார்ப்பவர்கள்,
டப்பாவின் நிறத்தைப் பார்ப்பவர்கள்.
வெர்னா லாஹ்ட்டி இரண்டிலும் சேர்த்தி இல்லை.

நவம்பர், செவ்வாய்க்கிழமை. ஏரியிலிருந்து
பனி பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.
காலி ரொட்டிப் பை ஒன்றைக் கல்லாவில் வைத்தாள்.
உள்ளே அவளுடைய பழைய ஃபில்டர்,
தகரம் பிளந்து,
மடிப்புத் தாள் அக்கார்டியன் போல இழுபட்டு.
"ரம்பத்தால அறுத்தீங்களா? தூள் விழுந்திருக்குமே."
"தகரம் வெட்டுற கத்தரி" என்றாள்.
சரி, தெரிந்த கை.

தாளை விளக்கடியில் சாய்த்தேன்.
கறுப்பு எண்ணெய்க்குள் மினுமினுப்பு,
மீன் செதில் சுரண்டிய பலகை மாதிரி.
பாக்கெட்டிலிருந்த காந்தத்தை அருகே கொண்டுபோனேன்.
ஒன்றும் அசையவில்லை.
இரும்பென்றால் ஓடி வந்து ஒட்டியிருக்கும்.
இது பேரிங்.
நான் அவளைப் பார்த்தேன்,
அவள் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இருக்கிறதைக் காட்டு."

மூன்று எடுத்து வைத்தேன்.
வெள்ளை ஐந்து டாலர், ஆரஞ்சு எட்டு, கறுப்பு பதினான்கு.
(என் மச்சான் ராய்ஸ் எப்போதும் கறுப்புதான் வாங்குவான்.
வாங்கி அலமாரியில் வைப்பான்.
எண்ணெய் மாற்றி மூன்று வருஷம் ஆகிறது.)

ஒவ்வொன்றையும் கையில் எடை பார்த்தாள்.
துளைகளின் வழியே ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள்,
அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்ப்பதுபோல.
விரல் நுனியால் ரப்பரை அழுத்தினாள்.
"வெள்ளையில தாள் அடைச்சுக்கிட்டா?"
"ஒரு ஸ்பிரிங் திறக்கும். வடிகட்டாமலே விட்டுடும்."
"அழுக்கோடயா?"
"எண்ணெயே இல்லாததுக்கு அது மேல்."
அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.
எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

"கறுப்புல என்ன விசேஷம்?"
"உள்ளே ஒரு சிலிக்கான் தடுக்கு. குளிர்ல விறைக்காது.
வண்டி நின்னாலும் எண்ணெய் இறங்கிப்போகாது.
மத்த ரெண்டுல ரப்பர். புதுசுல சரிதான்.
ஜனவரில இறுகிடும்.
காலையில சாவி திருப்பினதும்
மூணு விநாடி இன்ஜின் வறண்டு ஓடும்."

பேக்கரிக்கு அவள் கிளம்புவது இரவு இரண்டு மணிக்கு.
பூஜ்யத்துக்குக் கீழே இருபது என்பது
இங்கே செய்தியே இல்லை.

"மூணு விநாடிக்கு ஆறு டாலரா."
"ஒவ்வொரு நாளும் மூணு விநாடி" என்றேன்.
விற்பனைக்காரன் பேச்சு. ஆனால் பொய்யில்லை.

கறுப்பைத் தன் பக்கம் நகர்த்தினாள்.
பாதி நோட்டு, பாதி சில்லறை;
சில்லறையில் மாவு ஒட்டியிருந்தது.
"ஏப்ரல் வரைக்கும் ஓடினாப் போதும்."
"ஏப்ரல்ல புது வண்டியா?"
"பனி போயிடும். நடந்துக்குவேன்."
நாலு மைல். வாயை மூடிக்கொண்டேன்.

வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தேன்:
"பழைய வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டிருந்தா..."
"தெரியும். ஒரு தடவை ரெண்டு வளையத்தோட மாட்டினேன்.
கராஜ் தரையில அஞ்சு குவார்ட்.
பூனை இன்னும் அந்தப் பக்கம் போறதில்ல."
முதல்முறையாகச் சிரித்தாள்.
புது வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி,
ரப்பர் தொட்டதும் முக்கால் சுற்று, வெறுங்கையால்:
அதையும் நான் சொல்லத் தேவைப்படவில்லை.

ரொட்டிப் பையை எடுத்துப்போக மறந்துவிட்டாள்.
மறந்தாளா, விட்டுப்போனாளா தெரியாது.
இரண்டு நாள் கல்லாவுக்கு அடியில் கிடந்தது.
பிறகு பழைய எண்ணெய்ப் பீப்பாயோடு அனுப்பினேன்.

ஜனவரி கடைசி வாரம், பாலத்துச் சிவப்பு விளக்கில்
பக்கத்தில் வந்து நின்றது அந்தப் பச்சைப் பிக்கப்.
அந்தக் குளிரில், என்ன பைத்தியமோ,
கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன்.
அடியாழத்தில், மெல்ல, டொக் டொக்.
நவம்பரில் எப்படியிருந்தது என்று தெரியாததால்
கூடியதா குறைந்ததா சொல்ல முடியவில்லை.

ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினாள்.
நானும் உயர்த்தினேன்.
விளக்கு பச்சையாயிற்று, அவள் முதலில் போனாள்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்:
இன்னும் ஒன்பது வாரம்.